பத்து நிமிடம் செல்லுபடியாகும்

ஜெமிக்கு வீடு ஒதுக்கிவிட்டோம் என்ற நல்ல செய்தியை அரசாங்கம் முதலில் பெனினுக்குத்தான் சொன்னது. பெனின் அவளுடைய புருஷன். அவனிடமிருந்து தப்பித்து வந்தவள் என்பதற்காகத்தான் அவளுக்கு அந்த வீடு.

இதில் யாரும் யாருக்கும் குழி தோண்டவில்லை. லஞ்சம் இல்லை, சிபாரிசு இல்லை. ஒவ்வொன்றும் முறைப்படி நடந்தது. கொஞ்சம் முறைகேடாக நடந்திருந்தால் ஜெமி தப்பித்திருப்பாள் என்று அவளுடைய சிநேகிதி மெகராஜ் பேகம் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பெனின் செட்டியார்பட்டியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். தெருவில் யாருக்கு நெஞ்சுவலி என்றாலும் காசு வாங்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடுவான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முன்வரிசை. வீட்டுக்குள் வந்து சட்டையைக் கழற்றினால் வேறு ஆள். அவன் அறைந்ததில் ஜெமிக்கு வலது காது மந்தமாகிவிட்டது. போன் வந்தால் இடது காதில்தான் வைத்துப் பேசுவாள். தன் மேல் விழுந்ததை எல்லாம் அவள் வாங்கிக்கொண்டாள். ஒருநாள் சாயங்காலம் அக்சா தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டது. எட்டு வயதுப் பிள்ளை. அதைத் தலைமுடியோடு பிடித்துச் சுவரில் மோதினான். மறுநாள் அவன் லோடு ஏற்றப் போனதும் ஜெமி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இராஜபாளையத்துக்கு பஸ் ஏறிவிட்டாள்.

இடம் கொடுத்தது மெகராஜ் பேகம். முன்பு ஜெமியோடு ஒரே பேண்டேஜ் கம்பெனியில் துணி சுருட்டியவள், இப்போது ஊரின் மறுகோடியில் வேறு கம்பெனி. ஜெமியையும் அங்கேயே சேர்த்துவிட்டாள். வீடுதான் சின்னது. ஒற்றை அறையில் மகன், மருமகள், கைப்பிள்ளை, மெகராஜ், அதற்கு மேல் இவர்கள் இரண்டு பேர். இரவில் ஒருவர் புரண்டு படுத்தால் எல்லோரும் புரள வேண்டும். "ஒண்ணும் நெனைக்காத, இரு" என்று மெகராஜ் சொன்னாள். ஆனால் வீட்டுக்காரர் வாடகை வாங்க வந்தபோது தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி வாசலில் அரசாங்க நோட்டீஸ் ஒட்டினார்கள். குடும்ப வன்முறையிலிருந்து வெளியேறிய மகளிருக்கு அரவணைப்பு இல்லம். வீட்டின் முகவரி பரம இரகசியமாகக் காக்கப்படும். ஜெமி அந்தக் கடைசி வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தத் திட்டத்துக்கென்று தனி அலுவலகம். "இங்கே பேசுவது வெளியே போகாது" என்று சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே பெஞ்சு நிறைய ஆட்கள். திட்ட அலுவலர் அழகுராஜாவுக்குக் கல்யாண மண்டபத்தில் மைக் இல்லாமல் பேசக்கூடிய குரல்.

"அடி எந்தக் காதுலம்மா? வலதா, இடதா?"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் அவளுடைய இரண்டு காதுகளையும் பார்த்தார்கள்.

"வலது சார்."

"சத்தமாச் சொல்லுங்க. கூச்சப்படாதீங்க. இங்க பேசுறது எதுவும் வெளிய போகாது."

அழகுராஜா கெட்டவர் இல்லை. ஜெமி சொல்லி முடிப்பதற்குள் அவர் கண் கலங்கிவிட்டது. டீ வரவழைத்தார். அக்சாவின் கையில் ஒரு பொட்டலம் பால்கோவா கொடுத்து, "பாப்பா இனிமே பயப்படவே வேண்டாம். அரசாங்கம் இருக்கு" என்றார். ஜெமிக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

கம்ப்யூட்டரில் பானுப்பிரியா என்ற பெண் உட்கார்ந்திருந்தது. ரேஷன் கார்டு எண்ணைத் தட்டிவிட்டு, "அக்கா, ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்றது.

ஜெமி தன் போனைப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

"ரேஷன் கார்டுல யாரு நம்பர் குடுத்திருக்கீங்க?"

"அவரு நம்பர்."

"அப்ப அதுக்குத்தான் போயிருக்கும். கேட்டுச் சொல்லுங்கக்கா. பத்து நிமிசம்தான் செல்லும்."

ஜெமி பானுப்பிரியாவைப் பார்த்தாள். பிறகு அழகுராஜாவைப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை.

"சார், அவருகிட்ட இருந்துதான சார் ஓடியாந்திருக்கேன்?"

"அது எனக்குத் தெரியும்மா. சிஸ்டத்துக்குத் தெரியாதுல்ல?"

"என் நம்பருக்கு மாத்திக்கிட முடியாதா சார்?"

"தாராளமா மாத்தலாம். அது உங்க உரிமை" என்றார் அழகுராஜா. "மாத்துறதுக்குப் பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி போகும். அதை மட்டும் அவருகிட்ட வாங்கிருங்க."

அலுவலகப் போனில் சொந்தப் பேச்சு பேசக்கூடாது என்பது விதி. அதனால் ஜெமி தன்னுடைய புது நம்பரிலிருந்தே கூப்பிட்டாள். அந்த நம்பர் அவனுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்றுதான் அத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

"நான் ஜெமி."

அவன் மெதுவாகக் கேட்டான். "ஏட்டி, எங்க இருக்க? தேடாத இடம் இல்ல. பிள்ள சாப்டுச்சா?"

"ஒரு நம்பர் வந்திருக்கும். ரேஷன் கார்டு வேலை. சொல்லுங்க."

சொன்னான். தங்கமான குரலில், ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொன்னான். பானுப்பிரியா தட்டியது. திரையில் பச்சை டிக் விழுந்தது. அழகுராஜா கை தட்டினார்.

அந்தப் பச்சை டிக் விழுந்ததும் செட்டியார்பட்டியில் பெனினின் போனுக்கு இப்படி ஒரு செய்தி போனது: "வாழ்த்துகள்! கணவரின் கொடுமையிலிருந்து விடுபட நீங்கள் எடுத்துவைத்த முதல் அடியைப் பாராட்டுகிறோம். தாங்கள் பதிவு செய்த பணியிடம், தற்காலிக வசிப்பிடம் ஆகியவை கீழே உள்ளன. சரிபார்த்துக்கொள்ளவும்."

பெனின் சரிபார்த்துக்கொண்டான். மறுநாள் ஷிப்ட் விடும் நேரத்துக்குக் கம்பெனி வாசலில் வந்து நின்றான். கத்தவில்லை, கல்லெறியவில்லை. வாட்ச்மேன் மாரீஸ்வரனுக்கு அந்த மெசேஜை வாசித்துக் காட்டி, "அண்ணாச்சி, என் சம்சாரத்தைக் கூப்பிட வந்தேன். அவிய மனசு சரியில்லாம இருக்காவ" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மாரீஸ்வரன் அவனுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தார். மெகராஜ் பேகம் ஜெமியைப் பின்பக்கம் துணி வெளுக்கிற தொட்டி வழியாகக் கூட்டிக்கொண்டு போய், அன்று ராத்திரியே தன் மகனின் சிநேகிதன் ஒருவன் வீட்டு மொட்டை மாடி அறையில் கொண்டுபோய் வைத்தாள்.

ஜெமி அழுதுகொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓடினாள். அழகுராஜா பதறிவிட்டார். உடனே கம்ப்யூட்டரைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பார்த்ததும் முகம் தெளிந்தது.

"நான் மெசேஜ் போகாம இருந்திருச்சோன்னு பயந்துட்டேன்மா. போயிருக்கு. இங்க பாருங்க, டெலிவர்டுனு காட்டுது."

அதோடு நிற்கவில்லை. பயனாளியின் பாதுகாப்பைக் கருதி அவளுடைய வழக்கை உயர் ஆபத்துப் பட்டியலுக்கு மாற்றினார். உயர் ஆபத்துப் பட்டியலில் இருப்பவர்களுக்குக் கூடுதல் கண்காணிப்பு உண்டு. அதாவது இனிமேல் ஒவ்வொரு படிக்கும் ஓடிபி.

அடுத்த ஓடிபி கள ஆய்வுக்கு. இந்தத் தடவை பெனின் நம்பரைச் சும்மா கொடுக்கவில்லை. "பிள்ளகிட்ட செத்த நேரம் பேசிட்டுத் தாரேன்" என்றான். ஜெமி போனை அக்சாவிடம் கொடுத்தாள். அந்தக் குழந்தை போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "சரிப்பா, சரிப்பா" என்பதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. அவன் என்ன சொன்னான் என்று எவ்வளவு கேட்டும் அது வாய் திறக்கவில்லை. அன்றைக்குச் சோறும் சாப்பிடவில்லை. ஒரு நம்பருக்காகப் பிள்ளையை விற்றுவிட்டோமே என்று ஜெமி தலையில் அடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்டி, விட்டுரு" என்றாள் மெகராஜ். "கவருமெண்டு வீடும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்."

"வேற எங்கக்கா போவேன்? அம்மா வீட்டுக்குப் போனா அண்ணனே கொண்டுபோய் விட்டுட்டு வருவான். பூட்டிக்கிட்டு ஒரு ராத்திரி தூங்கணும்க்கா. எம்புட்டு நாளாச்சு."

வீடு தயார் என்று தகவல் வந்தது. ஜெமி போய், எந்த ஊரில் சார் என்று கேட்டாள்.

அழகுராஜா சிரித்தார். "அதை உங்ககிட்டகூடச் சொல்ல மாட்டேன். நீங்க நம்பிக்கையான ஒருத்தர்கிட்டச் சொல்லுவீங்க, அவங்க இன்னொருத்தர்கிட்டச் சொல்லுவாங்க. ரகசியம்னா ரகசியம்தான். சாவி குடுக்கிற அன்னைக்கு எங்க ஜீப்புல கூட்டிட்டுப் போவோம். அப்பத்தான் நீங்களே பாப்பீங்க."

அவருடைய உறுதியைப் பார்த்து ஜெமிக்குப் புல்லரித்தது. கடைசி ஓடிபிக்கு பெனினைக் கூப்பிட்டாள். அவன் பிள்ளையோடு பேச வேண்டும் என்று கேட்கவில்லை, எங்கே இருக்கிறாய் என்றும் கேட்கவில்லை. நம்பரைச் சொல்லிவிட்டு, "நல்லாருங்க" என்று வைத்துவிட்டான். ஒருவேளை திருந்திவிட்டானோ என்று அவளுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. மனுஷ மனசு இப்படித்தான் கேவலமாக ஆசைப்படும்.

சாவி கொடுக்கும் நாள் வந்தது. ஜீப் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி, வத்திராயிருப்பைத் தாண்டி, பிளவக்கல் அணைக்குப் போகிற சாலையில் திரும்பியது. வழியில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஜெமியையும் அக்சாவையும் பின் சீட்டில் தலையைக் குனிந்து உட்காரச் சொன்னார்கள். தென்னந்தோப்புகளுக்கு நடுவே, மலை அடிவாரத்தில், வரிசையாகப் பச்சைப் பெயின்ட் அடித்த சின்னச் சின்ன வீடுகள். பக்கத்தில் ஊர் கிடையாது. கூப்பிட்டால் ஏன் என்று கேட்க ஒரு ஆள் கிடையாது. இடத்தைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான் என்றார் அழகுராஜா.

கடைசி வீட்டு வாசற்படியில் பெனின் உட்கார்ந்திருந்தான். சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தான். பக்கத்தில் பால் பாக்கெட், புதுப் பானை. ஜீப்பைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டான்.

ஜெமியின் கை தானாக அக்சாவின் கண்ணைப் பொத்தியது.

"யாரு தம்பி நீங்க?" என்று அழகுராஜா கேட்டார்.

"ஜெமியோட வீட்டுக்காரன் சார். வீடு ஒதுக்கிருக்குன்னு மெசேஜ் வந்துச்சு. அட்ரஸும் மேப்பும் போட்டிருந்தாவ. வெறுங்கையோட குடி வரக்கூடாதுல்லா சார், அதான் பால் காய்ச்சலாம்னு வந்தேன்."

"சார், இவருதான் சார்!" என்று ஜெமி அலறினாள். "இவருகிட்ட இருந்துதான் சார்!"

அழகுராஜா பெனினை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பானையைப் பார்த்தார். அவர் கண் மறுபடியும் கலங்கியது. கூட வந்த போட்டோகிராபரைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அங்கேயே ஒரு பேச்சுப் பேசினார்.

"என் இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. எத்தனையோ கணவன்மார்களுக்கு நாங்கள் ஓடிபி அனுப்பினோம். ஒருவரும் தரவில்லை. அதனால்தான் பாருங்கள், இத்தனை வீடுகளும் பூட்டிக் கிடக்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் தயங்காமல் ஒத்துழைப்புக் கொடுத்த ஒரே கணவர் இவர். ஒரு பெண்ணுக்கு வீட்டைக் கொடுக்கத்தான் வந்தோம். ஒரு வீட்டுக்குப் பெண்ணையே கொடுத்துவிட்டுப் போகிறோம். இதைவிட ஒரு திட்டத்துக்கு என்ன வெற்றி வேண்டும்?"

டிரைவர் கை தட்டினார். சாவியைக் குடும்பத் தலைவர் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். ஜெமி அக்சாவைத் தூக்கிக்கொண்டு சாலையை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். பின்னாலிருந்து அழகுராஜா கூப்பிட்டார். "வீட்டை வேண்டாம்னு சொல்லாதீங்கம்மா, பொறவு வருத்தப்படுவீங்க!" அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. பெனின் கதவைத் திறந்து, வலது காலை எடுத்துவைத்து, உள்ளே போனான்.

மொட்டை மாடி அறையும் அந்த மாதத்தோடு முடிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் இடம் இருந்தது. சுற்றுச்சுவர், வாசலில் ஆள், பிள்ளையையும் சேர்த்துக்கொள்வார்கள். வார்டன் கம்ப்யூட்டரில் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க பேர்ல வீடு இருக்கேம்மா. இது வீடு இல்லாதவங்களுக்கு. அதை ஒப்படைச்சிட்டு வாங்க."

ஒப்படைப்பதற்கும் ஓடிபி. இந்தத் தடவை பெனின் போனில் சொல்ல மாட்டேன் என்றான். "நம்ம வீட்டுக்கு வா. வந்து வாங்கிட்டுப் போ" என்றான்.

மெகராஜ் பேகம் காலில் விழாத குறையாகத் தடுத்தாள். தானும் வருகிறேன் என்றாள். பிள்ளையை யாரிடம் விடுவது என்று ஜெமி கேட்டாள். பட்டப்பகல்தானே, பத்து நிமிஷ வேலைதானே, வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டு அங்கிருந்தே பானுப்பிரியாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன் என்றாள். அழகுராஜாவும் அதையேதான் சொன்னார். தைரியமாப் போயிட்டு வாங்கம்மா, கம்ப்யூட்டரைத் திறந்து வச்சுக்கிட்டே இருக்கச் சொல்றேன் என்றார்.

பானுப்பிரியா திறந்து வைத்துக்கொண்டுதான் இருந்தது. முதல் நம்பர் வந்தபோது பெனின் அதைச் சொல்லாமல் சோறு பொங்கச் சொன்னான். அவள் பொங்கினாள். இரண்டாவது நம்பர் வந்து காலாவதியானபோது அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மூன்றாவது நம்பரை வாசித்தான். ஜெமி அதைப் பேனாவால் இடது உள்ளங்கையில் எழுதினாள். போனை எடுத்து இடது காதில் வைத்தாள். அதற்கு மேல் அங்கே நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தோப்பில் தேங்காய் பறிக்க வந்தவர்கள்தான் அவளைத் தூக்கி பஸ் ஏற்றிவிட்டார்கள்.

மெகராஜ் பேகம் கம்பெனியிலிருந்து துணிச் சுருளை எடுத்துவந்து கட்டுப் போட்டாள். வலது கை முழங்கைக்குக் கீழே இரண்டாக ஒடிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். எத்தனையோ ஊர்க் காயங்களுக்குச் சுருட்டி அனுப்பிய துணி. மெகராஜ் அழுத அழுகைக்கு அந்த மருத்துவமனை நர்ஸே வந்து தண்ணீர் கொடுத்தாள்.

மறுநாள் ஜெமி அக்சாவையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். பள்ளிக்கூடத்தில் விட்டுவரப் பயமாக இருந்தது. போய் இடது கையை விரித்து பானுப்பிரியா முன்னால் நீட்டினாள். கழுவ இன்னொரு கை இல்லாததால் நம்பர் அழியாமல் இருந்தது. அது செத்துப்போன நம்பர் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் நீட்டினாள்.

பானுப்பிரியா அந்தக் கையைப் பார்த்தது, கட்டுப் போட்ட கையைப் பார்த்தது. "நேத்து உங்க கால் வந்துச்சுக்கா. சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதது.

அழகுராஜாதான் தைரியமாக இருந்தார். எழுந்து வந்து, தன் நாற்காலியையே இழுத்து ஜெமிக்குப் போட்டார்.

"போதும்மா. நீங்க பட்டதெல்லாம் போதும். இனிமே நீங்க ஒரு நம்பருக்காக அவ்வளவு தூரம் அலையவே வேண்டாம். நான் காலையிலேயே பேசிட்டேன். என் சொந்தப் போன்ல இருந்து, விதியை மீறித்தான் பேசினேன். போனை எடுத்துக்கிட்டு அவரையே நேரா இங்க வரச் சொல்லிட்டேன். கிளம்பிட்டாராம். உக்காருங்க, டீ சொல்றேன்."

ஜெமி டீக்கு நிற்கவில்லை. ஒற்றைக் கையால் அக்சாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கி, பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, எந்த பஸ் கிளம்பிக்கொண்டிருந்ததோ அதில் ஏறினாள். போர்டைப் பார்க்கவில்லை. ஜன்னலோரம் அக்சாவை உட்கார வைத்து, அதன் தலையைத் தன் மடிக்குள் அமுக்கிக்கொண்டாள். மூச்சு வாங்கியது. ஊர் தாண்டிய பிறகு கண்டக்டர் டிக்கெட் மிஷினோடு வந்து நின்றார்.

"எங்கம்மா போகணும்?"

"இந்த பஸ் எங்கண்ணே போகுது?" என்று ஜெமி கேட்டாள். அக்சா மடியிலிருந்து தலையைத் தூக்கி, அந்த மிஷினையே பார்த்தது. பிறகு கண்டக்டரிடம் கேட்டது:

"மாமா, நாங்க எங்க போறோம்னு இதுல அடிச்சா, எங்கப்பாவுக்கு மெசேஜ் போயிருமா?"